இரண்டாவது பட்டன் உயரம்

"மரத்தை ஒட்டி நில்லு. நெஞ்சை நிமித்து. தொப்பையை உள்ள இழு."

"இழுத்துட்டுத்தான் மேடம் நிக்கறேன். இதுக்கு மேல உள்ள இடமில்ல."

நிற்கச் சொன்னவர் தையல்காரி இல்லை. எங்கள் மேடம். ஒரு காலத்தில் மாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். செத்த மாட்டைப் பார்த்து, இது தானாகச் செத்ததா, பணத்துக்காகச் சாகடித்ததா என்று சொல்வதுதான் அங்கே அவருக்கு வேலை. இப்போது தனியாகத் துப்பறிகிறார். பெரிய வித்தியாசமில்லை, மாட்டுக்குப் பதில் மனுஷன். நான் அவருக்கு டிரைவர், பை தூக்கி, திட்டு வாங்கி. அன்று காலையிலிருந்து இன்னொரு உத்தியோகமும் சேர்ந்திருந்தது. அளவுகோல்.

என் முதுகுக்குப் பின்னால் நின்றது ஒரு செத்த மரம். யாரோ கோடரியால் அதன் பட்டையை ஒரு கை அகலத்துக்குச் சுற்றிலும் உரித்திருந்தார்கள். அப்படி உரித்தால் மரம் விழாது, நின்றபடியே காய்ந்து போகும். மழை பெய்து மேய்ச்சல் நிலம் முழுக்கப் புல் பச்சைப் பசேலென்று கிடக்க, பெரிய பெரிய மரங்களெல்லாம் ஓர் இலைகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தன.

மேடம் வெட்டின இடத்தில் விரலை வைத்து, அப்படியே என் சட்டைக்குக் கொண்டுவந்தார்.

"ரெண்டாவது பட்டன். அடுத்த மரம்."

"அடுத்ததும் ரெண்டாவது பட்டன்தான் மேடம். காலையிலேர்ந்து அதேதான் வருது. எனக்குப் பசிக்குது."

"உனக்கு எப்பப் பசிக்கல?"

நிலத்துக்குச் சொந்தக்காரன் ஒரு மாட்டுக்காரன். ஆறடிக்கு மேல் உயரம், பேச்சு கம்மி, கல்யாணம் ஆகவில்லை, மாடுதான் குடும்பம். அவனை மூன்று நாளாக லாக்கப்பில் வைத்திருந்தார்கள். இயற்கையாக வளர்ந்த காட்டு மரத்தைச் சொந்த நிலத்தில் நின்றாலும் சாகடிக்கக் கூடாது, அது குற்றம். அவனுடைய மாட்டுத் தொழுவத்தில் பிசின் படிந்த கைக்கோடரி கிடைத்திருந்தது. மறுநாள் காலை கோர்ட். குற்றம் உறுதியானால் வருஷக்கணக்கில் உள்ளே. பல வருஷம் முன்பு இடி விழுந்து செத்த அவனுடைய மாட்டுக்கு விஷம் என்று கம்பெனி பழி போட்டபோது, இல்லை, இடிதான் என்று எழுதிக் கொடுத்தவர் மேடம். அந்த ஞாபகத்தில் சொல்லியனுப்பியிருந்தான். "நான் வெட்டல. என் மரத்தைக் கொன்னது யாருன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க. எனக்கு அது தெரிஞ்சாப் போதும்." நேற்று கம்பிக்குப் பின்னால் நின்று அவன் பேசியது அவ்வளவுதான்.

காலையில் கேட்டைத் திறந்துவிட்டது அவனுடைய அக்கா. அம்மா போனபிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள். மேடம் என்னை முதல் மரத்தில் நிறுத்தி அளந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குங்க உயரம் பாக்கறீங்க?"

"சும்மாதான்," என்றார் மேடம்.

"எப்படியாவது அவனை வெளிய கொண்டு வந்துடுங்க. எனக்கு அவனை விட்டா யாரு இருக்கா?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும், நேரமாகிறது என்று விடுவிடுவென்று போய்விட்டாள். எனக்கும் ஒரு அக்கா இருக்கிறாள், போன் செய்தால் எடுக்கமாட்டாள்.

"மாடு மேய்க்கிறவன் மரத்தை எதுக்குக் கொல்லுவான்?" மேடம் அடுத்த மரத்துக்கு நடந்துகொண்டே கேட்டார்.

"நிழல் போனா புல் நல்லா வளரும். அதுக்குத்தான்."

"அப்ப எங்க உரிப்பான்?"

"கைக்கு எட்டின இடத்துல."

"உன்னை மாதிரி சோம்பேறி அப்படி உரிப்பான். தொழில் தெரிஞ்சவன் குனிஞ்சு தரையை ஒட்டி உரிப்பான். மேல உரிச்சா, வெட்டுக்குக் கீழேர்ந்து மரம் மறுபடி துளிர்க்கும். பாரு."

பார்த்தேன். ஒவ்வொரு மரத்திலும் வெட்டுக்குக் கீழே கொத்துக் கொத்தாகத் துளிர் விட்டிருந்தது. இத்தனை நேரம் அதைத்தான் முதுகால் நசுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிலம் ஓரிடத்தில் சரிந்து ஓடையில் இறங்கியது. சரிவிலும் செத்த மரங்கள். மேடம் என்னைப் பள்ளத்துப் பக்கம் நிறுத்தினார். வெட்டு என் மூக்குக்கு நேராக வந்தது.

"ஆகா, மாறிடுச்சு," என்றேன்.

"மாறல. சுத்தி மேட்டுப் பக்கம் வா."

வழுக்கி, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ஏறி நின்றேன். மறுபடியும் ரெண்டாவது பட்டன். அடுத்த சரிவு மரம், அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. பள்ளத்துப் பக்கம் நின்றால் மூக்கு, மேட்டுப் பக்கம் நின்றால் பட்டன்.

"வெட்டினவங்க ஒவ்வொரு மரத்துக்கும் மெனக்கெட்டு மேட்டுப் பக்கம் போய் நின்னுருக்காங்க," என்றார் மேடம். "கோபத்துல வெட்டறவன் இப்படி நிப்பானா? கை அதுபாட்டுக்கு ஒரே உயரத்துக்குப் போயிருக்கு. இது பழக்கம். எந்த வேலைக்காரங்களுக்கு இப்படி ஒரு பழக்கம்?"

"சட்டைக்குப் பட்டன் தைக்கிறவங்களுக்கு," என்றேன். மேடம் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, ஆனாலும் முயற்சியை விடுவதில்லை.

வேலிக்கு அந்தப்புறம் ஒரு பெரிய பண்ணையின் காடு. அதுவும் ஒரு காலத்தில் மேய்ச்சல் நிலம்தான். மாடுகளை வெளியே தள்ளி, சுற்றிலும் வேலி போட்டு, இருந்த மரங்களைக் காப்பாற்றி வளர்க்கிறார்கள். பெரிய பண்ணையின் மேனேஜர் பளபளவென்று பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து, கேட்காததையெல்லாம் சொன்னார். மரம் வளர வளரக் காற்றிலிருந்து கரியை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளுமாம். எவ்வளவு இழுத்தது என்று கணக்குப் பார்த்து கார்பன் கிரெடிட் கொடுப்பார்களாம். அதைத் தூர தேசத்தில் புகை விடுகிற தொழிற்சாலைகள் விலை கொடுத்து வாங்குமாம்.

"அவங்க புகை விட, நீங்க மரத்தைச் சும்மா விட, நடுவுல காசு வருது," என்றேன். "நானும் சும்மாதான் இருக்கேன் சார். எனக்கு யாரும் தரமாட்டேங்கறாங்க."

"சும்மா இருந்தாப் போதாதுங்க," என்று மேனேஜர் சிரித்தார். "காப்பாத்தாம விட்டிருந்தா இந்தக் காடு என்ன ஆகியிருக்கும்னு காட்டணும். அதுக்குப் பக்கத்துல ஒரு சாதாரண மேய்ச்சல் நிலத்தை எடுத்து ஒப்பிடுவாங்க. அங்க எவ்வளவு மரம் போச்சு, இங்க எவ்வளவு மரம் நிக்குது. அந்த வித்தியாசம்தான் எங்க கிரெடிட்."

மேடம் நின்றுவிட்டார்.

"ஒப்பிடறதுக்கு எந்த நிலம்?"

"அந்த மாட்டுக்காரனோடதுதான்."

"அப்ப அங்க மரம் சாகச் சாக, இங்க உங்களுக்குக் கிரெடிட் ஏறும்."

"அப்படிச் சொல்லக் கூடாது மேடம். வித்தியாசம் கொஞ்சம் கூடும்."

"யார் கொன்னாலும் கூடுமா?"

மேனேஜர் சிரிப்பைக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொண்டார். "மாட்டுக்காரங்க கொன்னா, மேய்ச்சல் நிலத்துல வழக்கமா நடக்கறதுன்னு கணக்குல சேரும். எங்க ஆளுங்க கொன்னதாத் தெரிஞ்சா, மொத்தத் திட்டமும் ரத்து. ஆனா எங்க ஆளுங்க அந்தப் பக்கமே போறதில்ல. நீங்க தாராளமா விசாரிங்க."

"ஆக, மாட்டுக்காரன் நாளைக்கு உள்ள போயே ஆகணும்."

"சட்டம் பாத்துக்கும் மேடம்," என்று சொல்லிவிட்டு, அவர் பூட்ஸில் ஒட்டின புல்லைத் தட்டினார். ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது எனக்கு. மேடம் இருக்கிறாரே என்று கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

காட்டுக்குள் ஒவ்வொரு பெரிய மரத்தைச் சுற்றியும் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இருந்தது. மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் சொல்லாமலே நான் போய் மரத்தைப் பார்த்தபடி ஒட்டி நின்று தொப்பையை இழுத்துக்கொண்டேன். ரெண்டாவது பட்டன். சரிவில் ஒரு மரம். பள்ளத்துப் பக்கம் மூக்கு, மேட்டுப் பக்கம் பட்டன். எனக்கே புல்லரித்தது. விலகி வந்தபோது சட்டையில் சிவப்பாக ஒரு பட்டை ஒட்டியிருந்தது. பெயின்ட் காயவில்லை.

"இந்தக் கோடு எதுக்கு?" என்று மேடம் கேட்டார்.

"மரத்தோட சுற்றளவை வருஷா வருஷம் அதே இடத்துல அளக்கணும் இல்லையா? நெஞ்சு உயரம்னு ஒரு விதி வச்சிருக்காங்க. சரிவா இருந்தா மேட்டுப் பக்கம் நின்னுதான் அளக்கணும். அளக்கறவருக்குக் கண்ணை மூடிக்கிட்டாலும் கை அங்கதான் போகும்."

"யார் அளக்கறது?"

"அளவுக்காரர் ஒருத்தர் இருக்கார். இத்தனை வருஷமா எங்களுக்கு அவர்தான்." மேனேஜர் கொஞ்சம் தயங்கினார். "அந்த மாட்டுக்காரனோட அக்கா வீட்டுக்காரர்."

வண்டியில் ஏறினதும் நான் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டேன். "முடிஞ்சுது மேடம். அத்தானே மச்சானுக்கு ஆப்பு வச்சிருக்கான். பெரிய பண்ணை காசு கொடுத்திருக்கும், இவன் அந்தப் பக்கம் போய்க் கோடரியைத் தூக்கியிருக்கான். கோடு போட்டுப் பழகின கை, கோடரியையும் அங்கேயே வச்சிடுச்சு. பாவம் அந்த அக்கா. எப்படிச் சொல்லப்போறோம்?"

"வண்டியை ஓட்டு," என்றார் மேடம்.

வழியில் எதிரே ஒரு லாரி வந்தது. நிறைய மாடுகளை நெருக்கி அடைத்திருந்தார்கள். ஒதுங்கி வழி விட்டேன். ஒரு பசு கம்பிக்கு நடுவே தலையை நீட்டி எங்களைப் பார்த்துக்கொண்டே போனது. மேடம் கழுத்தைத் திருப்பி லாரி மறையும்வரை பார்த்தார்.

அக்காவின் வீடும் தம்பியின் மாட்டுத் தொழுவமும் ஒரே வளாகத்தில் இருந்தன. தொழுவம் காலி. சாணம் ஈரமாக இருந்தது, கயிறுகள் அவிழ்ந்து கிடந்தன. நாங்கள் உள்ளே போனபோது அக்கா தூக்குச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"உக்காருங்க. டீ போடறேன்."

"உங்க வீட்டுக்காரரைப் பாக்கணும்," என்றார் மேடம்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். கட்டிலில் ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார். இடுப்பிலிருந்து முழங்கால்வரை கட்டு. காலுக்குக் கயிறு கட்டி ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் மூத்திரப் பாத்திரம். முகத்தில் தாடி மண்டிக் கிடந்தது.

"மழைக்கு முன்னாடி பாறையிலேர்ந்து விழுந்துட்டாரு," என்றாள் அக்கா. "திரும்பிப் படுக்கக்கூட நான்தான் தூக்கணும்."

நான் பிடித்துவைத்திருந்த குற்றவாளி என் கண்ணெதிரே நழுவிப் போனான். வெட்டுக்குக் கீழே வந்திருந்த துளிரெல்லாம் இந்த மழையில் வந்தது, உரித்ததும் மழை தொடங்கின பிறகுதான். இந்த மனுஷன் அப்போது கோடரியைத் தூக்கியிருக்க வேண்டுமானால் கட்டிலோடு போயிருக்க வேண்டும். எரிச்சலில் என் சட்டையைப் பார்த்துப் புலம்பினேன்.

"இருந்த ஒரே நல்ல சட்டை. இந்தப் பெயின்ட் எதுக்குப் போகும்னு தெரியல."

"மண்ணெண்ணெய் தொட்டுத் துடைங்க, போயிடும்," என்றாள் அக்கா. "அது அப்படித்தான். மழைக்காத்துல ரெண்டு நாளானாலும் காயாது."

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். கட்டிலில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடம் மெதுவாகக் கேட்டார். "இவர் படுத்து எத்தனையோ நாளாச்சு. அங்க பெயின்ட் ஈரமா இருக்கு. இவருக்குப் பதிலா யாரு அளக்கறது?"

"நான்தான்," என்றாள் அக்கா. "வேலை போயிடக் கூடாதுன்னு அவர் பேர்ல நான் போறேன். அவர்தான் சொல்லிக்கொடுத்தாரு. தப்பா?"

"அளக்கறது தப்பில்ல."

அக்கா தூக்குச் சட்டியைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, எங்களுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். காலையில் பார்த்த கண்ணீர்க்காரியை அங்கே காணோம்.

"ஆமா. நான்தான் உரிச்சேன். இவரு நடக்கணும்னா இடுப்புல ஆபரேஷன் பண்ணணும். பெரிய பண்ணை பண்றேன்னு சொன்னாங்க. பதிலுக்கு அந்த நிலத்துல மரம் நிக்கக் கூடாதுன்னாங்க. நின்ன மரம்தானே? அது என்ன அழவா போகுது?"

"உங்க தம்பி அழறான்," என்றார் மேடம்.

"அவன் மாட்டுக்கும் அழுவான், மரத்துக்கும் அழுவான். எங்க வீட்டுக்காரர் விழுந்து கிடந்தப்ப ஒரு மாட்டை வித்துக் கொடுடான்னு கேட்டேன். சினை மாடு அக்கா, பாவம்னான். மாடு பாவம், மாமா பாவமில்ல." அவள் குரல் ஏறவேயில்லை. "இப்ப எல்லாத்தையும் நானே வித்துட்டேன். இப்பத்தான் லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போச்சு."

"கோடரியைத் தொழுவத்துல வச்சது?"

"வேற எங்க வைக்கறது? யாராவது ஒருத்தர் மாட்டணும். அவனுக்குப் பெண்டாட்டியா, பிள்ளையா? உள்ள இருந்தா மூணு வேளை சோறு போடுவாங்க. நான் உள்ள போனா இவருக்கு மூத்திரப் பாத்திரம் யாரு எடுக்கறது? நீங்க எடுப்பீங்களா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் சட்டையில் இருந்த பெயின்டைச் சுரண்டினேன். வாயாடி என்று என்னை ஊரெல்லாம் சொல்வார்கள்.

"இப்ப நேரா உங்க தம்பிகிட்டத்தான் போறோம்," என்று மேடம் எழுந்தார். "சொல்லப்போறேன்."

"போய்ச் சொல்லுங்க," என்றாள் அக்கா. "டீ குடிக்காமப் போறீங்களே."

நான் வண்டியை ஓட்டின வேகத்தில் மேடம் ஒருமுறைகூடத் திட்டவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பல் குத்திக்கொண்டிருந்தார். மேடம் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். என் சட்டையைப் பார்த்தார்.

"இந்தப் பட்டனைக் கோர்ட்டுல வச்சுக் கேஸ் நடத்தச் சொல்றீங்களா மேடம்?"

"பட்டனை விடுங்க. அந்தம்மா எங்க ரெண்டு பேர் முன்னாடியும் ஒத்துக்கிட்டாங்க."

"உள்ள இருக்கறவனும்தான் ஒத்துக்கிட்டான். எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு, நாளைக்கு ஜட்ஜ்கிட்டயும் அதையே சொல்றேன்னுட்டான். மத்தியானம் அவங்க அக்கா சாப்பாடு கொண்டுவந்தாங்க. பக்கத்துல உக்காந்து ஊட்டி விட்டாங்க. பேசினாங்க. அதுக்கப்புறம் அவனே பேப்பர் கேட்டான்."

நாங்கள் காலையில் அளந்துகொண்டிருந்தபோது அவள் அவசரமாகக் கிளம்பியது எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் பட்டனை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் காரியத்தை முடித்துவிட்டாள்.

லாக்கப்பில் மாட்டுக்காரன் எழுந்து கம்பியருகே வந்தான். அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிவு.

"வாங்க மேடம். உங்களுக்கு வீண் அலைச்சல். எல்லாம் சரியாயிடுச்சு. கையெழுத்துப் போட்டா நாளைக்குக் கண்டிச்சு அனுப்பிடுவாங்களாம். சாயந்திரம் மாட்டுக்குத் தண்ணி காட்ட வீட்டுக்குப் போயிடலாமாம். அக்கா விசாரிச்சுட்டு வந்து சொன்னா."

"அனுப்ப மாட்டாங்க," என்றார் மேடம். "நீ கையெழுத்துப் போட்டது வருஷக்கணக்குல உள்ள இருக்கறதுக்கு. இன்னும் நேரம் இருக்கு. ஏமாத்திப் போட வச்சாங்கன்னு நாளைக்குக் கோர்ட்டுல சொல்லு. நான் சாட்சி சொல்றேன். இவனும் சொல்லுவான்."

நான் தலையை ஆட்டினேன்.

"யாரும் ஏமாத்தலையே," என்றான் அவன். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மரத்தைக் கொன்னது யாருன்னு தெரிஞ்சுதா மேடம்?" என்று கேட்டான்.

அந்த ஒன்றுக்குத்தான் அவன் எங்களைக் கூப்பிட்டிருந்தான். மேடம் சொல்லமாட்டார், ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். அவருக்குச் சமாளிக்கத் தெரியாது.

"உங்க அக்கா."

அவன் மேடத்தையே பார்த்தான். மேடம் ஒன்றுவிடாமல் சொன்னார். மரத்தில் இருந்த வெட்டு, காட்டில் இருந்த கோடு, கட்டிலில் கிடக்கிற மாமா, ஆபரேஷன், தொழுவத்தில் வைத்த கோடரி. லாரியில் போன மாடுகளையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவன் கை கம்பியில் இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. புரிந்துவிட்டது, இப்போது உடைந்து அழப்போகிறான் என்று எண்ணி நான் ஓரடி முன்னால் போனேன்.

"மாட்டை வித்துட்டாளா?" என்று கேட்டான்.

"ஆமா."

"பொய்." அவன் கத்தவில்லை. "அக்கா இப்பத்தான் சொல்லிட்டுப் போனா, சினை மாடு நல்லாத் தீனி எடுக்குதுன்னு. எங்க அக்கா என்கிட்டப் பொய் சொல்ல மாட்டா. பெரிய பண்ணைக்காரன் உங்களுக்கு எவ்வளவு கொடுத்தான்?"

"தம்பி," என்று நான் ஆரம்பித்தேன்.

"என்னைத் தம்பின்னு கூப்பிடாத. என்னைத் தம்பின்னு கூப்பிட ஒருத்திதான் இருக்கா."

அவன் கம்பியை விட்டுவிட்டு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அந்த உயரமான உடம்பு மடங்கி இத்தனை சின்னதாகும் என்று எனக்குத் தெரியாது. அங்கிருந்தபடியே காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளைக் கூப்பிட்டான்.

"சார், இவங்களை வெளிய போகச் சொல்லுங்க. இனிமே எங்க அக்காவைத் தவிர யாரையும் உள்ள விடாதீங்க."